தினமும் ‘பேக்கப் வெற்றி’ என்று மெயில் வருகிறது, நம்பலாமா?

ஜூன் 3, காலை (வந்த கேள்வி)

“நான்கு சர்வர்கள். ராத்திரி 2 மணிக்கு கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டுவது) ஆர்சிங்க்கும் (கோப்புகளை வேறு இடத்துக்குப் பிரதி எடுப்பது) டேட்டாபேஸ் டம்ப்பும் (டேட்டாபேஸை ஒரு கோப்பாக இறக்குவது) ஓடும். காலையில் ஒவ்வொன்றாக உள்ளே போய் லாக் (நடந்ததன் பதிவு) பார்த்துச் சலித்துவிட்டது. அதனால் பேக்கப் ஸ்கிரிப்டின் கடைசியில் ‘பேக்கப் வெற்றி’ என்று மெயில் அனுப்புகிற மாதிரி இரண்டு வரி சேர்த்துவிட்டேன். ஒரு வாரமாக ஒழுங்காக வருகிறது. பெரிய கண்காணிப்பு மென்பொருள் எதுவும் எனக்கு வேண்டாம், கமாண்ட் லைனிலேயே முடியட்டும். இதற்கு மேல் ஏதாவது செய்ய வேண்டுமா?”

ஜூன் 3, இரவு

வேண்டும். முதலில் அந்த இரண்டு வரியைத் தூக்குங்கள். ஸ்கிரிப்ட் கடைசி வரை வந்து சேர்ந்தது என்பதுதான் அந்த மெயிலுக்குத் தெரியும். வழியில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

நான் இதே இரண்டு வரியை வைத்து 19 நாள் ஏமாந்தேன். டேட்டாபேஸ் டம்ப்பை பைப் வழியாக (ஒரு கட்டளையின் வெளியீட்டை நேரே அடுத்ததற்குக் கொடுப்பது), கோப்பைச் சுருக்கும் ஜிசிப்புக்கு அனுப்பி, அன்றைய தேதியில் ஒரு கோப்பு. 14 நாளுக்கு மேல் பழையது தானாக அழியும். ஒருநாள் டேட்டாபேஸ் பயனரின் கடவுச்சொல்லை மாற்றினார்கள் (மாற்றியது நான்தான்). அன்று ராத்திரியிலிருந்து டம்ப் வாசலிலேயே திரும்பி வந்திருக்கிறது. அந்தப் பிழைச் செய்தியை, மெயிலில் சத்தம் அதிகமாக இருக்கிறது என்று என்றைக்கோ டெவ் நல் என்ற அடியில்லாத குப்பைத்தொட்டிக்குத் திருப்பிவிட்டிருந்தேன். ஜிசிப் தன் பங்குக்கு, உள்ளே எதுவும் வராவிட்டாலும் ஒரு முறையான கோப்பை எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடும். ஒன்றுமே இல்லாததைச் சுருக்கினால் 20 பைட் வரும். முன்குறிப்பு 10, உள்ளே 2, கடைசியில் சரிபார்ப்பு எண்ணும் அளவும் சேர்ந்து 8.

‘பேக்கப் வெற்றி’ தினமும் வந்தது. பழையதை அழிக்கிற வரியும் தன் கடமையைச் செய்தது. 19ஆம் நாள் பார்த்தபோது கையில் இருந்த 14 பேக்கப்பும் சேர்த்து 280 பைட். இரண்டு குறுஞ்செய்திக்குள் அடங்கிவிடும். கண்டுபிடித்தது எப்படி என்றால், டிஸ்க்கில் இடம் தாராளமாக இருக்கிறதே, வேறு எதையாவது இங்கே வைக்கலாமே என்று பார்க்கப் போனேன். அவ்வளவுதான் என் கண்காணிப்பு. ஒரிஜினல் டேட்டாபேஸ் அந்த 19 நாளும் உயிரோடு இருந்ததால் தப்பித்தேன், என் சாமர்த்தியம் அதில் எதுவும் இல்லை.

ஜூன் 4

பைப்ஃபெயில் போட்டால் தீர்ந்தது இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி தீரும். வழக்கமாக ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்), பைப்பில் கடைசியாக நிற்கிற கட்டளையின் எக்சிட் கோடை (முடியும்போது அது விட்டுப்போகும் எண், பொதுவாக 0 என்றால் வெற்றி) மட்டும் பார்க்கும். பைப்ஃபெயில் போட்டால் நடுவில் எது விழுந்தாலும் மொத்தமும் தோல்வி. அது பாஷ் என்ற ஷெல்லில் உண்டு. ஆனால் கிரான், கிரான்டேப்பில் (அதன் நேர அட்டவணையில்) எழுதிய வரியை பின் எஸ்எச் (/bin/sh) என்ற ஷெல்லிடம் கொடுக்கும். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ்கள் இரண்டிலும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது பாஷ் இல்லை, டாஷ் (உபுண்டுவில் 2006இல் வந்த 6.10இலிருந்தே அப்படி). பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிற டாஷ் பதிப்புகளுக்கு பைப்ஃபெயில் தெரியாது, இப்படி ஓர் ஆப்ஷனே இல்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷின் பாதையை எழுதி, கிரானில் அந்த ஸ்கிரிப்டை மட்டும் கூப்பிடுங்கள்.

ஜூன் 4, கொஞ்ச நேரம் கழித்து

மேலே ‘பாதி தீரும்’ என்று எழுதிவிட்டு மீதிப் பாதியைச் சொல்லாமல் போய்விட்டேன். டம்ப் தோற்றது என்று ஸ்கிரிப்டுக்குத் தெரிந்தாலும் அந்த 20 பைட் கோப்பு இன்றைய தேதியோடு அங்கேயே உட்கார்ந்திருக்கும். நாளைக்கு அவசரத்தில் யாராவது ஃபோல்டரைப் பார்த்து, ஆமாம் இருக்கிறதே என்பார்கள். அதனால் முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, எல்லாம் சரி என்ற பிறகு எம்வி (பெயர் மாற்றும் கட்டளை) போட்டு உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். எது சரி? மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் டம்ப் முழுதாக முடிந்தால் கடைசி வரியில் டம்ப் முடிந்தது என்று தேதியோடு எழுதிவைக்கும். போஸ்ட்கிரெஸ்ஸும் சாதா எஸ்க்யூஎல் வடிவில் எடுத்தால் அதேபோல ஒரு வரி போடும். சுருக்கிய கோப்பை ஜீகேட்டால் விரித்து, கடைசி வரிகளைக் காட்டும் டெயிலுக்குக் கொடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். பாதியில் அறுந்த டம்ப் இந்த ஒரு சோதனையிலேயே மாட்டிக்கொள்ளும்.

பழையதை அழிக்கிற வரி, புதியது தேறிய பிறகுதான் ஓட வேண்டும். இதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 6

எக்சிட் கோடு 0 என்றால் பச்சை, மற்றதெல்லாம் சிவப்பு என்று வைத்துவிடலாமே என்கிறார் இன்னொருவர். நானும் வைத்தேன். விண்டோஸ் இயந்திரம் ஒன்றில் ரோபோகாப்பி என்ற காப்பிக் கட்டளை. அதில் 0 என்றால் காப்பி செய்ய எதுவுமே இல்லை என்று அர்த்தம், 1 என்றால் கோப்புகள் நல்லபடியாகக் காப்பி ஆயின, 2 என்றால் சேருமிடத்தில் உபரிக் கோப்புகள் இருக்கின்றன, 3 என்றால் 1ம் 2ம் சேர்ந்தது. 8 முதல்தான் தோல்வி. ஆக, யாரும் வேலை செய்யாத நாளில் என் ரிப்போர்ட் பச்சை, எல்லாரும் உழைத்த நாளில் சிவப்பு. விடுமுறை நாட்களில் மட்டும் ஆரோக்கியமாக இருந்த ஒரே சர்வர் அதுதான்.

ஆர்சிங்க்கில் எனக்கு அடிக்கடி வருவது 23, 24. காப்பி நடந்துகொண்டிருக்கும்போதே மூலத்தில் சில கோப்புகள் மறைந்துபோனால் 24. மெயில் ஸ்பூல் (காத்திருக்கும் மெயில்கள்), தற்காலிக ஃபோல்டர் இருக்கிற சர்வரில் இது சகஜம், மஞ்சள் போதும். 23 என்றால் சில கோப்புகள் பிழையால் வரவில்லை. இதற்கும் ரொம்ப நாள் மஞ்சள்தான் வைத்திருந்தேன், யாரோ ஒருவருடைய அனுமதிப் பிரச்சினையாக இருக்கும் என்று. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் படிக்க அனுமதி இல்லாத ஒரு முழு ஃபோல்டர், அதுவும் தேவையான ஃபோல்டர், ஒருநாள்கூட பேக்கப் ஆகவில்லை. இப்போது 23 சிவப்பு. கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டும் தார் 1 கொடுத்தால் படிக்கும்போது கோப்பு மாறிவிட்டது என்று பொருள், 2 என்றால் உண்மையான தோல்வி. போர்க் என்ற பேக்கப் கருவியில் 1 எச்சரிக்கை, 2 பிழை. ரெஸ்டிக் என்ற இன்னொரு கருவி 3 கொடுத்தால் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்துப் பிரதி) உருவாகியிருக்கும், ஆனால் சில கோப்புகளைப் படிக்க முடியவில்லை. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பாஷை. அவரவர் மேனுவலைப் பார்த்து ஒரு கேஸ் பிளாக் (எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்ற பட்டியல்) எழுதுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

லாகில் ‘எரர்’ என்ற சொல்லை கிரெப் (தேடும் கட்டளை) செய்து எண்ணுகிற வழியும் கேட்டிருந்தீர்கள். அதில் இரண்டு கூத்து. ஒன்று, பெயரிலேயே எரர் இருக்கிற பிஎச்பி கோப்பு மாறினால் ரிப்போர்ட் சிவப்பு. இரண்டாவது இன்னும் அழகு. தேடியது கிடைக்கவில்லை என்றால் கிரெப்பின் எக்சிட் கோடு 1. பிழை வந்ததும் நின்றுவிடு என்று ஸ்கிரிப்டின் மேலே செட் இ போட்டிருந்தால், லாகில் ஒரு பிழைகூட இல்லாத நாளில் ரிப்போர்ட் ஸ்கிரிப்ட் அந்த வரியிலேயே செத்துவிடும். நல்ல நாளில் மெயிலே வராது.

ஜூன் 7

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை என்பதற்கு: தேதிக்காக கிரான்டேப் வரியிலேயே சதவீதக் குறி போட்டிருக்கிறீர்கள். கிரானுக்கு அது புதிய வரி. முன்னால் பின்சாய்வுக்கோடு போடுங்கள், இல்லாவிட்டால் தேதியை ஸ்கிரிப்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். அப்புறம் கிரானின் பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) மிகச் சின்னது, யூசர் லோக்கலில் (/usr/local) நிறுவிய எதையும் அது கண்டுகொள்ளாது. முழுப் பாதை எழுதுங்கள். இவ்வளவுதான், ஆனால் இதற்காக நான் தொலைத்த ராத்திரிகளை எண்ணினால் அழுகை வரும்.

ஜூன் 9

வேலை செய்துகொண்டே யோசித்ததில் முக்கியமான ஒன்றை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்று படுகிறது. பேக்கப் எடுக்கிற ஸ்கிரிப்டே ரிப்போர்ட்டும் எழுதுவது, பரீட்சை எழுதியவனே விடைத்தாளையும் திருத்துவது மாதிரி. இரண்டையும் பிரியுங்கள். எடுப்பது 2 மணிக்கு அந்தந்த சர்வரில். திருத்துவது காலை 7 மணிக்கு, பேக்கப் வந்து சேருகிற இயந்திரத்தில், தனி ஸ்கிரிப்ட். அது பேக்கப் ஸ்கிரிப்ட் என்ன சொன்னது என்று கேட்காது. கோப்பு இருக்கிறதா, எத்தனை மணி நேரம் பழையது, எவ்வளவு பெரியது என்று தானே பார்க்கும்.

வயதைப் பார்க்க, கோப்பு தேடும் ஃபைண்ட் கட்டளையில் எம்டைம் (நாள் கணக்கு) வேண்டாம், எம்மின் (நிமிடக் கணக்கு) போடுங்கள். எம்டைம் 24 மணி நேரத் துண்டுகளாக எண்ணி மீதியைத் தள்ளிவிடும். கூட்டல் 1 என்று கொடுத்தால் ஒரு நாளுக்கு மேல் என்று நாம் படிப்போம், அது குறைந்தது இரண்டு முழு நாள் ஆனதைத்தான் காட்டும். எம்மினில் கழித்தல் 1560, அதாவது 26 மணி நேரம். அந்த இரண்டு மணி நேரம் எதற்கு என்றால், பேக்கப் ஒருநாள் 2:20க்கு முடியும், ஒருநாள் 3:40க்கு முடியும்.

ஜூன் 10

நேற்று எழுதியது டம்ப்புக்குச் சரி, ஆர்சிங்க்குக்குத் தப்பு. நேரத்தைக் காப்பாற்றுகிற ஆப்ஷனோடு ஓட்டினால் (ஏ போட்டால் அதுவும் கூடவே வரும்) கோப்பு மூலத்தில் கடைசியாக மாறிய நேரம்தான் இந்தப் பக்கமும் இருக்கும். பேக்கப் எப்போது நடந்தது என்பதற்கு அது சாட்சி இல்லை. மூன்று நாளாக யாரும் தொடாத சர்வர், பேக்கப் தினமும் நன்றாக நடந்தாலும் பழசாகத் தெரியும். ஒருவர் அதைத்தான் இன்று காலை படம் எடுத்து அனுப்பிச் சிரித்திருக்கிறார், நியாயம்தான்.

சரியான வழி: ஆர்சிங்க் தேறிய பிறகு மட்டும் சேருமிடத்தில் ஒரு சின்ன முத்திரைக் கோப்பை எழுதிவைப்பது. உள்ளே எக்சிட் கோடு, ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், மொத்த அளவு என்று நான்கு வரி. திருத்துகிற ஸ்கிரிப்ட் அதன் வயதைப் பார்க்கட்டும். இதனால் எடுக்கிறவர் பேச்சைக் கேட்கக் கூடாது என்ற நேற்றைய வீராப்பு கொஞ்சம் தளர்கிறது, தெரியும். முத்திரையின் வயதையும், டியூ (அளவு காட்டும் கட்டளை) போட்டுத் தானே அளந்த அளவையும் சேர்த்துப் பார்த்தால் போதும் என்று நினைக்கிறேன்.

ஜூன் 10, இரவு

ரிப்போர்ட் எப்படி இருக்கும் என்று காட்டச் சொன்னார்கள். சப்ஜெக்ட் வரி என்னுடையது இப்படி:

பேக்கப் சரி | 4/4 | 212 ஜிபி | நேற்றைவிட +0.6 | மீதி இடம் 31%

கெட்ட நாளில்:

பேக்கப் சிவப்பு | 3/4 | டேட்டாபேஸ்-2 இல்லை, கடைசியாக 28 மணி முன்

உள்ளே சர்வருக்கு ஒரு வரி. பெயர், வயது, அளவு, நேற்றைய அளவோடு வித்தியாசம், எடுத்த நேரம். அதற்குக் கீழே சிவப்பானவற்றின் லாகிலிருந்து மட்டும் கடைசி 20 வரி. முதலில் எல்லா லாகையும் முழுசாக ஒட்டினேன், 3,000 வரி மெயில். இரண்டாம் நாளிலிருந்து நானே திறக்கவில்லை.

வித்தியாசத்துக்கு நேற்றைய எண்ணை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் நாளுக்கு ஒரு வரியாகச் சேர்த்துவைக்கிறேன், டேட்டாபேஸ் எல்லாம் வேண்டாம். அளவு 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மஞ்சள், பாதியாகக் குறைந்தால் சிவப்பு. இது மட்டும் அன்றைக்கு இருந்திருந்தால் என் 20 பைட் கதை முதல் நாளே முடிந்திருக்கும்.

ஒரு வேடிக்கை. சர்வர்களுக்குத் தமிழில் பெயர் வைத்து பிரிண்ட்எஃப் (அச்சிடும் கட்டளை) வைத்துப் பத்தி அகலம் கொடுத்தேன், வரிசை கோணல்மாணல். என் ஷெல் அகலத்தை பைட்டில் எண்ணுகிறது. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட், ‘கி’ என்றால் ககரமும் கொக்கியும் தனித்தனி, ஆக 6 பைட். திரையில் ஓர் எழுத்து. சண்டை போடாமல் பெயரைக் கடைசிப் பத்தியாக மாற்றிவிட்டேன்.

ஜூன் 14

எல்லாம் சரி என்ற மெயில் தினமும் எதற்கு, தோற்றால் மட்டும் வரட்டுமே என்ற கேள்விக்கு இரண்டு தடவை பதில் எழுதி அழித்தேன். ஒரு வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன், நிம்மதியாகவும் இருந்தது. ஆனால் மெயில் வரவில்லை என்றால் பேக்கப் நன்றாக நடந்தது என்றும் கொள்ளலாம், மெயில் அனுப்புகிற வழியே செத்துவிட்டது என்றும் கொள்ளலாம்.

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே விவரமாக எழுதி வெளியிட்டார்கள். ஓர் இன்ஜினியர் தவறிப்போய் பிரதான டேட்டாபேஸின் தரவு ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் அது போய்ச் சேர வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுத்த கருவி 9.2, பதிப்பு ஒத்துப்போகாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதும் கிரான் மெயில் அனுப்பத்தான் செய்தது. அந்த மெயில்கள் டிமார்க் சரிபார்ப்பில் (அனுப்பியவர் உண்மையானவரா என்ற சோதனை) தேறாததால் வாங்குகிற பக்கம் ஏற்கவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. தோல்வி மெயில் என்ற ஏற்பாடு இருந்தது, வேலையும் செய்தது, கை சேரவில்லை. அதைப் படித்த பிறகு தினசரி மெயிலைத் திரும்பப் போட்டேன்.

ஜூன் 15

ஆனால் தினமும் வருவது ஒருநாள் வராவிட்டால் நீங்கள் கவனிப்பீர்களா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். கவனிக்க மாட்டேன். உண்மையைச் சொன்னால் வராத மெயிலை யாரும் கவனிப்பதில்லை. இதற்கு வெளியே ஒரு காவல்காரன் வேண்டும். ரிப்போர்ட் ஸ்கிரிப்ட் முடியும்போது கர்ல் (இணைய முகவரியைக் கூப்பிடும் கட்டளை) வைத்து வேறோர் இயந்திரத்தில் ஒரு முகவரியைத் தட்டும். காலை 8 மணிக்குள் தட்டல் வரவில்லை என்றால் அந்த இயந்திரம் எனக்குச் செய்தி அனுப்பும், மெயில் இல்லாமல் வேறு வழியில். கர்லுக்கு நேர வரம்பு 10 விநாடி, மறுமுயற்சி 5 என்று கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நெட்வொர்க் ஒரு நொடி தும்மினாலும் நீங்கள் எழுந்து உட்கார வேண்டியிருக்கும்.

காவல்காரனை யார் காவல் காப்பது என்றும் ஒருவர் கேட்டார். நான் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜூன் 22

காவல்காரன் ஒரு வாரத்துக்குள் சம்பளத்தை நியாயப்படுத்திவிட்டான். வெள்ளிக்கிழமை ரீபூட் செய்ததில் பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை (அதன் ஃபோல்டரோடு இணையவில்லை). மவுண்ட் ஆக வேண்டிய ஃபோல்டர் மட்டும் காலியாக இருந்தது. ஆர்சிங்க்குக்கு அது போதும், மொத்தத்தையும் முதலிலிருந்து ரூட் டிஸ்க்கில் (சிஸ்டமே இருக்கிற டிஸ்க்கில்) கொட்டிவிட்டது. முத்திரை புதுசு, அளவு சரி, எக்சிட் கோடு 0. சனிக்கிழமை ரிப்போர்ட் அப்பழுக்கில்லாத பச்சை. வழக்கமாக 20 நிமிடத்தில் முடிவது நான்கரை மணி நேரம் எடுத்திருந்தது, அந்த எண்ணும் மெயிலில் என் கண் முன்னால்தான் இருந்தது. ஞாயிறு ராத்திரி ரூட் நிரம்பியது. மெயில் வரிசையும் அதே டிஸ்க், அதனால் மெயில் இல்லை. தட்டலும் இல்லை. எட்டு மணிக்குச் செய்தி வந்தது.

இப்போது ஸ்கிரிப்டின் முதல் வேலை மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் டிஸ்க் இருக்கிறதா என்று கேட்பது, இல்லையென்றால் அங்கேயே நிற்பது. எடுத்த நேரம் வழக்கத்தைவிட மூன்று மடங்கானால் மஞ்சள் என்றும் சேர்த்தாயிற்று. டிஎஃப் (மீதி இடம் காட்டும் கட்டளை) போட்டு இடத்தோடு ஐநோடையும் (கோப்புக்கு ஒன்றாகச் செலவாகும் பதிவு) பாருங்கள், சின்னச் சின்னக் கோப்புகள் கோடிக்கணக்கில் இருந்தால் இடம் மிச்சம் இருக்கும்போதே ஐநோட் தீர்ந்துவிடும்.

ஜூலை 1

ஸ்கிரிப்டை வெளியிடுங்கள் என்று கேட்கிறவர்களுக்கு: அதற்குள் என் பாதைகள் நிறைய இருக்கின்றன, சுத்தம் செய்ய வேண்டும். அதைவிட, பிறர் எழுதிய அழிக்கிற வரியை அப்படியே ஓட்டாதீர்கள். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் 2021 டிசம்பரில் பழைய லாகுகளை அழிக்க வேண்டிய பேக்கப் ஸ்கிரிப்ட் 77 டெராபைட் ஆராய்ச்சித் தரவை, சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகளை, அழித்தது. ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்டின் மேலேயே திருத்திய பதிப்பை எழுதிவிட்டார்கள். பாஷ் ஸ்கிரிப்டை முழுசாகப் படித்து வைத்துக்கொண்டு ஓடாது, ஓட ஓடப் படிக்கும். நடுவில் கோப்பு மாறியதும் மதிப்பே இல்லாத ஒரு வேரியபிளோடு அழிக்கிற வரி ஓடிவிட்டது.

இதைப் படித்த அன்று என் ஸ்கிரிப்டில் செட் யூ சேர்த்தேன், மதிப்பில்லாத வேரியபிளைத் தொட்டால் ஷெல் நின்றுவிடும். திருத்தினால் புதிய கோப்பாக எழுதி எம்வி போடுகிறேன், ஓடுகிறது பழையதையே படித்துக்கொண்டு போகும். ராத்திரி 2 மணிக்கு எடிட்டரைத் திறக்காமல் இருக்கவும் முயற்சி செய்கிறேன்.

ஜூலை 12

ரிஸ்டோர் செய்து பார்க்காமல் இது எதற்கும் அர்த்தமில்லை என்று எழுதியவருக்கு என் பதில், ஆமாம், தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இப்போது ஞாயிறுதோறும் ஒரு வரி கூடுதலாக வருகிறது. ஃபைண்டும், வரிகளைக் குலுக்கிப் போடும் ஷஃபும் சேர்ந்து மூலத்தில் ஒரு மாதமாக மாறாத கோப்புகளில் ஐந்தைப் பொறுக்கும், பேக்கப்பிலிருந்து எடுத்த பிரதியோடு ஷா256 (கோப்பின் கைரேகை மாதிரியான எண்) ஒப்பிடும். டேட்டாபேஸுக்கு டம்ப்பை ஒரு காலி டேட்டாபேஸில் ஏற்றி, முக்கியமான அட்டவணையில் எத்தனை வரி என்று எண்ணும்.

முதல் ஞாயிறே பாடம். ரெஸ்டிக் களஞ்சியத்தை வேறோர் இயந்திரத்திலிருந்து திறக்கப் போனால் கடவுச்சொல் கேட்கிறது. அது எழுதி வைத்திருந்த ஒரே இடம், பேக்கப் ஆகிற அதே சர்வர். சர்வர் போனால் கடவுச்சொல்லும் போகும், பத்திரமாகப் பூட்டிய பேக்கப்புக்கு உள்ளே. அன்றைக்கே காகிதத்தில் எழுதிப் பூட்டி வைத்தேன்.

ஜூலை 19

முதலில் கேள்வி கேட்டவர் தன் ஸ்கிரிப்டை மாற்றிவிட்டாராம். முதல் மூன்று நாளும் மஞ்சள், என்ன செய்வது என்கிறார். எந்தக் கோடு, எந்தக் கோப்பு என்று சொல்லுங்கள். 24 என்றால் அந்தத் தற்காலிக ஃபோல்டரை விலக்கிவிடுங்கள். மஞ்சளைப் பச்சையாக மாற்றுவதற்காக எல்லையைத் தளர்த்துவது கடைசியில்.

எனக்கு இன்று காலை சிவப்பு. டேட்டாபேஸ்-1 பாதிக்கும் கீழே, 9.1 ஜிபியிலிருந்து 3.8. வயிற்றைக் கலக்கியது. டம்ப்பின் கடைசி வரி இருக்கிறது, எக்சிட் கோடு 0. அரை மணி நேரம் தேடிய பிறகு தெரிந்தது, நேற்று சாயங்காலம் யாரோ பழைய தணிக்கை அட்டவணை ஒன்றைக் காலி செய்திருக்கிறார். கேட்டால், ஆமாம், சொல்ல மறந்துவிட்டேன் என்றார். அதைக் காலி செய்வதற்கு முன் எடுத்த டம்ப்பை அழியாத ஃபோல்டருக்கு நகர்த்தி வைத்திருக்கிறேன், அவருக்கு அந்த அட்டவணை திரும்ப வேண்டியிருக்கும் என்று என்னமோ தோன்றுகிறது.